கறுப்பினச் சிறுவர்களின் போராட்டத்தை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கோத்தகிரி வாசகி எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றின் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்கள் வருகிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களிலிருந்து வரும் பிள்ளைகளும், ஹட்டிகள் எனப்படும் ஊர்களிலிருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்பார்கள்.

இந்த மாதம், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பள்ளி முதல் குடிநீர்க் குழாய் வரை வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு வேறொன்று என்று பிரித்து வைத்த இன ஒதுக்கலுக்கு எதிராக நடந்த போராட்டங்களை, அவற்றில் கலந்துகொண்ட சிறுவர் சிறுமியரின் பார்வையிலேயே சொல்லத் தொடங்கியிருக்கிறேன். 1963 மே 2 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, அங்கிருந்து ஐம்பது ஐம்பது பேராக நடந்து போய்க் கைதானதைச் சொன்னேன். மறுநாள் நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர், தீயணைப்புக் குழாய்களால் அந்தப் பிள்ளைகள்மீது தண்ணீரைப் பீய்ச்சியடிக்கவும் காவல் நாய்களை ஏவவும் உத்தரவிட்டதைச் சொன்னபோது, ஒருவரும் பேசவில்லை. பிறகு கேள்விகள் வரத் தொடங்கின.

மூன்றாம் வகுப்புச் சிறுமி, "தண்ணி ஒண்ணுதானே, குழாய் எதுக்கு ரெண்டு?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அவங்க அம்மா அப்பா எப்படிப் போக விட்டாங்க?" என்றாள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம ஊர்லயும் இப்படி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றுக்கும் அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சட்டம், நீதிமன்றம், தலைவர்கள் என்று பெரியவர்களின் கணக்கில் விடை சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போராட்டம் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதிலிருந்து விலகாமல் சொல்ல விரும்புகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம், எதைத் தள்ளி வைக்கலாம்? வகுப்பறையில் இதைப் பேசிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கொடைக்கானல்:

அம்மா, அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. இன ஒதுக்கல் என்பது ஒரு குழந்தைக்கு ஒரு சட்டமாக அறிமுகமாவதில்லை. தடுக்கப்பட்ட ஏதோ ஒரு பொருளாகவோ இடமாகவோதான் அறிமுகமாகிறது. தாகம் எடுக்கும்போது எந்தக் குழாயில் வாய் வைக்கக் கூடாது, பேருந்தில் எந்த இருக்கையில் உட்காரக் கூடாது, கடையில் எந்த முக்காலியில் ஏறக் கூடாது என்பவற்றை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

பர்மிங்காம் நகரச் சட்டத் தொகுப்பில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகச் சீட்டாடுவதையும் டோமினோ ஆடுவதையும்கூடத் தடுக்கும் விதி இருந்தது. எங்கள் பள்ளியில் இதைச் சொன்னபோது, மற்ற எல்லாக் கொடுமைகளையும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கோபப்பட்டார்கள். விளையாடுவதற்கு எதற்காகப் போலீஸ் வர வேண்டும் என்று ஒரு பையன் எழுந்து நின்று கேட்டான். பூங்காக்களைப் பொதுவாக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடுவதைவிடப் பூங்காக்களையே மூடிவிடுவது மேல் என்று அந்த நகர நிர்வாகம் முடிவெடுத்தது; 1962இல் விளையாட்டுத் திடல்களும் சேர்ந்தே மூடப்பட்டன. உங்கள் பிள்ளைகள் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் எங்கள் பிள்ளைகள் பிரையன்ட் பூங்காவுக்கும் போய் வந்தவர்கள். அதன் வாயிலில் பூட்டுத் தொங்குவதையும், ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதையும் அவர்களால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியும்.

அந்த மௌனமும் கதையின் ஒரு பகுதிதான். பர்மிங்காம் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லும் ஆறு வயது மகளிடம், அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்ல நேரும் தகப்பனின் நாக்கு குழறுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய பேச்சாளர் தம் தரப்பு நியாயத்தை விளக்க எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒரு குழந்தையின் கண்ணீரும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். தென்மாநிலங்களில் பல கடைகளில் கறுப்பினத்தவர் செருப்பையோ உடையையோ போட்டுப் பார்த்து வாங்க முடியாது. அதனால் தாய்மார்கள் பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் காகிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவார்கள். உங்கள் வாசிப்பு நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித் தன் பாதத்தை வரையச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

பெற்றோர் எப்படிப் போக விட்டார்கள் என்ற கேள்விக்கு நேரான விடை உண்டு. பெரியவர்கள் ஊர்வலம் போனால் மறுநாளே வேலை போய்விடும். வீட்டு வாடகைக்கும் வழி இருக்காது. அந்த ஏப்ரல் மாதத்தில் போராடிச் சிறை செல்லப் பெரியவர்கள் போதிய அளவில் முன்வராததற்கு முதன்மைக் காரணம் இதுதான். பிள்ளைகளுக்குப் பறிபோக வேலை இல்லை. ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் இதை எடுத்துச் சொல்லி மாணவர்களைத் திரட்டினார். கிங் முதலில் தயங்கினார். விசுவாசத்தை ஏற்றுச் சபையில் சேரும் வயது வந்த பிள்ளைக்கு, அந்த விசுவாசத்துக்காக நடக்கவும் வயது வந்துவிட்டது என்பது பெவலின் வாதம். சில வீடுகளில் பெற்றோர் அனுமதித்தார்கள், பல வீடுகளில் தடுத்தார்கள், தடுத்த வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிச் சன்னல் வழியாக இறங்கி ஓடிவந்தார்கள். உள்ளூர் வானொலியில் கறுப்பின அறிவிப்பாளர் ஒருவர், பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று குறிப்பாகச் சொன்னார். இரவு வீடு திரும்ப முடியாது என்பது கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் புரிந்தது.

குன்னூரிலிருந்து ஒரு தாய்:

ஆசிரியர் ஐயா அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பெற்றோர் பற்றிய கேள்வியை அத்தனை எளிதாகக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்தக் கேள்வியைக் கேட்ட சிறுமி, தன் அம்மா தன்னை அனுப்புவாளா என்றுதான் உள்ளுக்குள் கேட்டிருப்பாள். பிள்ளைகளை முன்னே நிறுத்தியது சரியா என்று அந்த நாட்களிலேயே கடுமையான விவாதம் நடந்தது. ஆண்பிள்ளைகள் தம் குழந்தைகளைத் துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்தமாட்டார்கள் என்ற பொருளில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கண்டித்தார். கறுப்பினத்தவரின் குறைகள் நியாயமானவை என்று ஒப்புக்கொண்ட, அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியும், ஒரு குழந்தை ஊனமடைவதோ இறப்பதோ யாராலும் கொடுக்க முடியாத விலை என்றார். பெரியவர்களும் குழம்பினார்கள், ஒருவரோடொருவர் சண்டையிட்டார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், சகோதரி. எல்லோரும் ஒருமனதாகக் கைதட்டி அனுப்பிவைத்தது போலச் சொன்னால், பயந்து வீட்டிலேயே இருந்த பிள்ளைகளைக் கோழைகளாக்கிவிடுவோம்.

தைரியத்தை மட்டும் சொல்லி, அதற்குப் பிள்ளைகள் கொடுத்ததைச் சொல்லாமல் விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளைச் சட்டையும், முன்னும் பின்னும் பாதுகாப்பாக நடந்த மத்திய அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்களும் புகழ்பெற்ற ஓவியத்தில் வந்துவிட்டன. அவளோ, வாசலில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, தன் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்றே நினைத்துக்கொண்டாள். குழந்தையின் பார்வை என்று நீங்கள் தேடுவதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளையர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டதால், பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவளை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கூட்டத்தில் ஒரு பெண், உனக்கு நஞ்சு வைப்பேன் என்று தினமும் மிரட்டினாள். இன்னொருத்தி சிறிய சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டினாள். எல்லாவற்றையும் விட அந்தப் பொம்மைதான் தன்னை மிகவும் பயமுறுத்தியது என்று ரூபி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கெட்ட கனவுகள் வந்தன. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல், அம்மா கொடுத்தனுப்பிய சாண்ட்விச்சை வகுப்பறை அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள். எலிகள் வந்த பிறகுதான் அது பெரியவர்களுக்குத் தெரிந்தது. அவளுடைய தந்தைக்கு வேலை போயிற்று. மிசிசிப்பியில் குத்தகை நிலத்தில் உழுதுகொண்டிருந்த தாத்தா பாட்டியை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். பிள்ளைக்கு வேலை இல்லை என்பதால் குடும்பம் தப்பிவிடும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது, ஐயா.

எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சவப்பெட்டியைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒளித்து வைத்த சாண்ட்விச்சைக் கட்டாயம் சொல்லுங்கள். புதிய பள்ளியில் சேர்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளைகள் உங்கள் பாயிலும் இருப்பார்கள்.

தோட்டத்துப் பேத்தி, கூடலூர்:

கோத்தகிரி அக்காவுக்கு வணக்கம். நான் கல்லூரி மாணவி. என் தாத்தாவும் பாட்டியும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பல தலைமுறைகள் உழைத்த மண்ணில் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, இங்கே வந்தபின் "சிலோன்காரங்க" என்று தனியாகச் சுட்டப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் என்பதால், அந்த ஏழாம் வகுப்புப் பையனின் கேள்வியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அதற்கு முன்பு ஒன்று. பெரியவர்கள் அனுப்பினார்களா, அனுப்பியது சரியா என்றே மேலே பேசப்படுகிறது. பிள்ளைகள் தாமாகவே தொடங்கிய போராட்டங்களும் இருந்தன. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார்க் காகிதம் வேய்ந்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகும். வகுப்புக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு எழுதுவார்கள். குளிருக்கு ஓர் அடுப்பு இருக்கும். அதன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வியர்க்கும், தள்ளி இருப்பவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். ஆடி மாத மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துப் படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1951 ஏப்ரல் 23 அன்று பதினாறு வயது பார்பரா ஜான்ஸ், தலைமையாசிரியரைத் தொலைபேசி அழைப்பு ஒன்றின் மூலம் வெளியே போகவைத்து, மாணவர்களைப் பள்ளி அரங்கில் கூட்டி, ஆசிரியர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வேலைநிறுத்தத்தை அறிவித்தாள். நானூற்றுக்கும் மேற்பட்டோர் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது ஒரு நல்ல பள்ளிக் கட்டடம்தான். அதிலிருந்து எழுந்த வழக்கு, பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கோடு சேர்க்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றாக ஆனது. தீர்ப்பை ஏற்க மனமில்லாத அந்த மாவட்ட நிர்வாகம் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடி வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அக்கா. வெற்றி என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

இனி அந்தப் பையனின் கேள்வி. ஆம், இருந்தது என்றே சொல்லுங்கள். இந்த மலையிலேயே வெள்ளையரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி என்ற காலம் இருந்தது. லவ்டேலில் இன்றும் நடக்கும் லாரன்ஸ் பள்ளி 1858இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. ஆனால் வெள்ளைக்காரர்களோடு விடையை முடித்துக்கொண்டால் அது நேர்மையாகாது. டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை வைத்தது நம்மவர்கள்தான். கிங் 1959இல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் படித்த பள்ளியில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ச்சியும் வருத்தமும் அடைந்ததாகவும், பிறகு தம் மக்களின் நிலையை எண்ணி, ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டதாகவும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் ஆற்றிய பிரசங்கத்தில் அவரே சொன்னார். அமெரிக்காவை நம் ஊரோடு ஒப்பிடலாமா என்று தயங்க வேண்டியதில்லை; அந்த ஒப்பீட்டை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அதோடு, இனப்பாகுபாட்டுக்கு எதிராகச் சிறை சென்ற ஒரு தமிழ்ச் சிறுமியின் கதையும் நம்மிடம் இருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மை 1898இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரி, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியவற்றை எதிர்த்துத் தாயோடு நடந்தார். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார். ஆண்டு விழா நாடகங்களில் அவரை வயது வந்த பெண்ணாகச் சேலை கட்டிக் காட்டியே பழக்கப்படுத்திவிட்டோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் வயது அது என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கொடைக்கானல்:

குன்னூர்த் தாய் சொன்னது நியாயம். ரூபியின் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால், பிள்ளைகள் நடந்தால் வீட்டுக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் பர்மிங்காமுக்கு ஓரளவு பொருந்தியதே தவிர, எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் பொருத்தமான இரண்டு பேரைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். ஒன்பது வயது ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ், பர்மிங்காமில் கைதானவர்களில் மிக இளையவளாக அறியப்படுபவள். பெற்றோர் இயக்கத்தில் இருந்தவர்கள்; சிறைக்குப் போகிறேன் என்று அவளே வீட்டில் சொல்லிவிட்டுப் போய், ஒரு வாரம் உள்ளே இருந்தாள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1958 ஆகஸ்ட் 19 அன்று, ஓக்லஹோமா நகரில் கிளாரா லூப்பர் என்ற வரலாற்று ஆசிரியை பதின்மூன்று பிள்ளைகளோடு காட்ஸ் என்ற மருந்துக் கடையின் உணவுப் பகுதியில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் கோகோ கோலா கேட்டார்கள், கடைக்காரர்கள் தரவில்லை, பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. சில நாட்களில் கடை இறங்கிவந்தது. ஒரு சோடாவுக்காகக் காத்திருப்பது எப்படி என்று மூன்றாம் வகுப்புக்கு நன்றாகத் தெரியும்.

கோத்தகிரி வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் பாதம் வரைவதில் தொடங்கி, காட்ஸ் கடையையும் ரூபியின் அலமாரியையும் எல்லோருக்குமாகச் சொல்லப் போகிறேன். தங்கை எழுதிய மோட்டன் பள்ளியும் வள்ளியம்மையும் அதற்கடுத்த வாரம். இரட்டைக் குவளையைப் பற்றி அந்தப் பையனுக்கு மட்டும் தனியே சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் சொல்வதாக இருக்கிறேன். லயனிலிருந்து வருபவர்களும் ஹட்டியிலிருந்து வருபவர்களும் அதை ஒன்றாகக் கேட்க வேண்டும்.

பர்மிங்காம் எங்கே முடிகிறது என்பதில்தான் எனக்கு நெடுநேரம் யோசனையாக இருந்தது. மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டு, உணவகங்களும் குடிநீர்க் குழாய்களும் உடை மாற்றும் அறைகளும் பொதுவாகும் என்ற உறுதி கிடைத்தது. பத்து நாட்களில், ஊர்வலம் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை நகரக் கல்வி வாரியம் இடைநீக்கமோ நீக்கமோ செய்தது. இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தியது. சிறு பிள்ளைகளுக்கு இதுவரை சொல்வேன். பிள்ளைகள் கூடிப் புறப்பட்ட அதே தேவாலயத்தில் செப்டம்பர் 15 ஞாயிறு காலை வெடித்த குண்டில் ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நெய்ர் என்ற நான்கு சிறுமியர் இறந்ததை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பின் உட்காரவைத்துச் சொல்வேன். டெனிஸுக்கு வயது பதினொன்று, மற்ற மூவருக்கும் பதினான்கு. அவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் வரை நூலகத்தைத் திறந்து வைத்திருக்க நூலகரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.